மண்டபத்தின் சாவி

1969ஆம் ஆண்டுக் கோடையில் ரொறன்ரோ நகரத்தில் ஒரு விளையாட்டுக் கடவுச்சீட்டு விற்பனைக்கு வந்தது. அதை வாங்கியவர் விமானம் ஏறாமலே நகரத்துக்குள் நாடு நாடாகச் சுற்றிவரலாம். குடியேறி வந்த ஒவ்வொரு சமூகமும் தன் தேவாலய நிலவறையையோ சங்க மண்டபத்தையோ அலங்கரித்து, தாய்நாட்டு நகரமொன்றின் பெயரை வாசலில் எழுதிவைத்தது. உள்ளே நடனம், சாப்பாடு, கைவினைப் பொருட்கள். வாசலில் நிற்பவர் கடவுச்சீட்டில் முத்திரை குத்தி அனுப்புவார். 'மெட்ரோ இன்டர்நேஷனல் கேரவன்' என்ற அந்த விழாவைத் தொடங்கியவர்கள் லியோன் கொஸ்ஸார், ஸீனா கொஸ்ஸார் தம்பதியர். பியர் ட்ரூடோ நாடாளுமன்றத்தில் பல்கலாசாரக் கொள்கையை அறிவித்தது 1971 அக்டோபரில். அரசு சொல்லுமுன்பே சனங்கள் செய்துகாட்டியிருந்தார்கள்.

அந்த விழாவைப் பற்றிப் படிக்கும்போது என் மனம் விழா முடிந்த மறுநாளுக்குத்தான் போகிறது. அலங்காரத்தைக் கழற்றிய பிறகு அதே நிலவறையில் சனிக்கிழமை காலை பிள்ளைகளுக்கு மொழி வகுப்பு நடந்திருக்கும். யாரோ ஒருவரின் இறுதிச் சடங்கு முடிந்து வந்தவர்களுக்குச் சாப்பாடு பரிமாறப்பட்டிருக்கும். ஆங்கிலக் கடிதம் வாசிக்கத் தெரியாத ஒரு தாய், தெரிந்த ஒருவருக்காகக் காத்திருந்திருப்பாள். நிர்வாகக் கூட்டத்தில் கணக்கு விஷயமாகச் சண்டை நடந்திருக்கும். முத்திரை வாங்கிப் போன விருந்தாளி இதில் எதையும் பார்த்திருக்க முடியாது. ஒரு நகரத்தின் பல்கலாசாரத்தை ஊர்வலங்களை வைத்து அளப்பதுதான் வழக்கம். எனக்கு அந்த அறைகளைப் பற்றித் தெரியவேண்டும். அவை யாருடையவை, திறப்பு யார் கையில், வாடகை எவ்வளவு, உள்ளே வர யாருக்கு உரிமை, ஊரோடு ஒத்துப்போகாத ஒருவர் வந்தால் கதிரை கொடுப்பார்களா?

ஊர்வலங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. கரிபானாவை நேரில் பார்த்த யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். 1967இல் கனடா தன் நூற்றாண்டைக் கொண்டாடியபோது ரொறன்ரோவில் வாழ்ந்த கரிபியன் மக்கள் நாட்டுக்குத் தங்கள் அன்பளிப்பாக ஒரு கார்னிவலைக் கொடுத்தார்கள். ஒரேயொரு ஆண்டுக்கு என்று தொடங்கியது இன்றைக்கும் நடக்கிறது. டிரினிடாட் கார்னிவல் மாசி, பங்குனியில் வரும். அந்த மாதங்களில் இங்கே இறகுடை அணிந்து தெருவில் ஆட முடியாது. ஆகவே ஆகஸ்ட் தொடக்கத்துக்கு மாற்றினார்கள். பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1834 ஆகஸ்ட் முதலாம் திகதியின் நினைவும் அதோடு சேர்ந்துகொண்டது. கோடை முழுக்க, சில குழுக்களுக்கு வசந்தத்துக்கு முன்பிருந்தே, தொழிற்பேட்டைக் கட்டிடங்களில் வாடகைக்கு எடுத்த கூடங்களில் வேலை நடக்கும். பகலில் மருத்துவமனையிலும் தொழிற்சாலையிலும் வேலைபார்த்தவர்கள் இரவில் வந்து கம்பி வளைப்பார்கள், மணி கோர்ப்பார்கள், இறகு ஒட்டுவார்கள். எண்ணெய்ப் பீப்பாயிலிருந்து பிறந்த ஸ்டீல்பான் வாத்தியத்தைப் பிள்ளைகள் பழகுவதும் அப்படிப்பட்ட கூடங்களில்தான்.

இந்த விழாவின் கணக்குப் புத்தகம் என்னை நெடுநாளாக உறுத்துவது. 2009ஆம் ஆண்டு விழாவை வைத்துச் செய்த ஆய்வொன்று, மாகாணப் பொருளாதாரத்துக்கு இதனால் கிடைத்தது 40 கோடி டாலருக்கு மேல் என்றது. ஹோட்டல் அறைகள் நிரம்பின, உணவகங்கள் நிரம்பின, விமானங்கள் நிரம்பின, வரி வந்தது. விழாவை நடத்தியவர்களோ ஏறக்குறைய எல்லா ஆண்டும் கடனில் இருந்தார்கள். எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் உபயகாரர் கைக்காசைப் போட்டு ஒரு நாள் திருவிழாவை ஒப்பேற்ற, வீதியில் கடை போட்டவர்கள் லாபத்தோடு வீடு போவார்கள் அல்லவா, அப்படி. ஆனால் ஊரில் உபயகாரரிடம் யாரும் தணிக்கை அறிக்கை கேட்பதில்லை. இங்கே கேட்டார்கள். கணக்கு ஒழுங்காக வரவில்லை என்று 2006இல் மாநகராட்சி மானியத்தை வேறொரு நிர்வாகக் குழுவிடம் கொடுத்தது. பிறகு பெயர் யாருக்குச் சொந்தம் என்று வழக்கு நடந்தது. 2011இல் வந்த தீர்ப்போடு, ஊர்வலம் ஒருவரிடமும் 'கரிபானா' என்ற பெயர் இன்னொருவரிடமும் என்றாகிவிட்டது.

பொதுப் பணத்துக்குக் கணக்குக் கேட்பது நியாயம்தான். எனக்குப் புரியாதது வேறு. அன்பளிப்பு கொடுத்தவரிடம் மட்டும் பற்றுச்சீட்டு கேட்டுவிட்டு, அந்த அன்பளிப்பால் சம்பாதித்தவரிடம் ஏன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை? 1991இல் ஊர்வலத்தை நகர மத்தியின் யூனிவர்சிட்டி அவெனியூவிலிருந்து ஏரிக்கரைச் சாலைக்கு மாற்றினார்கள். நெரிசலும் பாதுகாப்பும் காரணம். காலப்போக்கில் வேலிகளும் நுழைவுச்சீட்டும் வந்தன. தெருவிலே எல்லாரும் எல்லாரோடும் ஆடுவதற்கென்று பிறந்த விழாவை வேலிக்கு வெளியே நின்று பார்க்கிற நிலை, அதைக் கொடுத்த மக்களின் பிள்ளைகளில் பலருக்கே வந்தது.

அதே யூனிவர்சிட்டி அவெனியூவில் 2009 ஏப்ரலிலும் மேயிலும் ஈழத் தமிழர்களாகிய நாங்கள் நின்றோம். அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு முன்னால் இரவு பகலாக, குழந்தைகளோடும் வயதானவர்களோடும். இலங்கையின் வன்னியில் போரின் கடைசி நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன. தொலைபேசியில் உறவினரின் குரல் கேட்காமல்போன வீடுகள்தான் அந்தத் தெருவில் கூடியிருந்தன. மே 10ஆம் திகதி மாலை, ஆயிரக்கணக்கானோர் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி உட்கார்ந்தார்கள். நள்ளிரவு வரை நகரத்தின் முக்கியமான சாலை மூடிக் கிடந்தது.

நகரம் கோபப்பட்டது. அம்புலன்ஸ் போகவேண்டாமா, பிள்ளைகளை ஏன் நெடுஞ்சாலைக்குக் கொண்டுவந்தீர்கள், உங்கள் ஊர்ப் பிரச்சினையை ஏன் இங்கே கொண்டுவருகிறீர்கள் என்றார்கள். முதல் இரண்டு கேள்விகளுக்கும் நியாயம் உண்டு. அவற்றை எங்களுக்குள்ளேயும் கேட்டோம். மூன்றாவது கேள்விதான் எனக்குள் இன்னும் ஆறாமல் இருக்கிறது. எங்கள் ஊர்ச் சாப்பாட்டைக் கொண்டுவாருங்கள், பரதநாட்டியத்தைக் கொண்டுவாருங்கள், மொழியைக்கூடக் கொண்டுவாருங்கள் என்று சொன்ன அதே நகரம், ஊரின் சாவை மட்டும் விமான நிலையத்தில் விட்டுவிட்டு வரச் சொன்னது. ஆறு நகராட்சிகளை ஒன்றாக்கி 1998இல் உருவான இந்த மாநகரம், பன்முகத்தன்மையே எங்கள் பலம் என்று தன் இலச்சினையில் எழுதிவைத்திருக்கிறது. அந்தப் பன்முகங்களில் அழுத முகமும் ஒன்று என்பதை ஏற்க அதற்கு நெடுங்காலம் பிடித்தது. 2015இலிருந்து ஸ்காபரோவின் மார்க்கம் சாலையில் தமிழர் தெருவிழா நடக்கிறது. அரசியல்வாதிகள் வேட்டி கட்டி வருகிறார்கள். தை மாதத்தைத் தமிழர் மரபுத் திங்களாக்கும் தீர்மானம் 2016இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அந்தப் போரின் முடிவில் முள்ளிவாய்க்காலில் இறந்தோருக்கென ஒரு தூபி எழுந்தது 2025 மே மாதத்தில், அதுவும் அண்டை நகரமான பிரம்ரனின் பூங்காவொன்றில், இலங்கை அரசின் எதிர்ப்பைத் தாண்டி. கொண்டாட்டத்துக்கு இடம் கிடைத்த வேகத்தையும் துக்கத்துக்கு இடம் கிடைத்த வேகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

2009இன் அந்தச் சித்திரை, வைகாசி நாட்களில் எங்களில் பலர் போய் உட்கார்ந்த இன்னொரு இடம் நூலகம். வீட்டில் இருக்க முடியாது, வேலைக்குப் போக மனமில்லை. கணினி முன்னால் செய்தி பார்த்துக்கொண்டிருப்பார்கள். யாரும் எழுப்பமாட்டார்கள். ஏன் வந்தாய், என்ன வாங்குகிறாய் என்று கேட்காத கூரைகள் ஒரு பெரிய நகரத்தில் மிகக் குறைவு.

ரொறன்ரோ பொது நூலகம் 1884இல் திறக்கப்பட்டது. இன்று அதற்கு 100 கிளைகள். நூறாவது கிளை 2015இல் ஸ்காபரோ நகர மையத்துக்குப் பக்கத்தில் வந்தது. நாற்பது மொழிகளில் புத்தகங்கள் உண்டு. தமிழும் அதில் ஒன்று. தொலைபேசியில் அழைத்தால் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் சேவை ஒன்று இருக்கிறது, தமிழிலும் கேட்கலாம். நூலகத்துக்குள்ளேயே குடியமர்வு ஆலோசகர்கள் உட்கார்ந்து, சுகாதார அட்டைக்கு எங்கே போவது, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது எப்படி என்று சொல்லித்தருகிறார்கள். தாமதக் கட்டணத்தை 2022க்குள் முற்றாக எடுத்துவிட்டார்கள். மூன்று குழந்தைகளோடு இரண்டு வேலை பார்க்கும் வீட்டில் ஒரு படப்புத்தகம் கட்டிலுக்கடியில் போய்விட்டால் அந்தக் குடும்பமே நூலகத்துக்கு வர வெட்கப்படும். கட்டணம் போனது அந்த வெட்கத்துக்கு மருந்து. என்னைக் கேட்டால், பல்கலாசாரத்துக்காக இந்த நகரம் எடுத்த தீர்மானங்களில் இது மிகச் சிறந்தவற்றுள் ஒன்று. ஆனால் அந்தத் தலைப்பில் இதை யாரும் சேர்ப்பதில்லை.

இதெல்லாம் தானாக வந்ததில்லை. டிரினிடாட்டிலிருந்து 1960இல் வந்த ரீட்டா கொக்ஸ் என்ற நூலகர் எழுபதுகளில் பார்க்டேல் கிளையின் தலைவரானார். அவர் கதைசொல்லியும்கூட. தன் பகுதிப் பிள்ளைகள் தங்களைப் போன்றவர்கள் வரும் புத்தகத்தைக் காணாமலே வளர்வதைப் பார்த்து, கறுப்பின, கரிபியன் நூல்களுக்கான தனித் தொகுப்பு ஒன்றை வளர்த்தெடுத்தார். இன்று அது அவர் பெயரில் நான்கு கிளைகளில் இருக்கிறது. அவற்றில் ஒன்று மால்வேர்ன், எங்கள் சனம் நிறைய வாழும் இடம். ஒரு நூலகர் தன் வாசகரை முகம் பார்த்து அறிந்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அந்த அலுமாரிகள் சாட்சி.

நூலகத்தின் கூட்ட அறைகள் இன்னும் முக்கியம். ரொறன்ரோவில் நடக்கும் தமிழ் நூல் வெளியீடு, நினைவுக் கூட்டம், திரையிடல் பலவும் நூலகங்களிலும் மாநகராட்சியின் சமூக மையங்களிலும்தான் நடக்கின்றன. 1990இலிருந்து 'காலம்' இதழ் இங்கிருந்து வருகிறது. 2001இல் தொடங்கிய தமிழ் இலக்கியத் தோட்டம் என்ற அமைப்பின் இயல் விருது உலகத் தமிழரின் கவனத்தைப் பெற்றது. ஆனால் இந்த நகரத்தின் தமிழ் எழுத்துக்கு உயிர் கொடுத்தது அத்தகைய பெரிய மேடைகளோடு முப்பது பேர் கூடும் சின்ன அறைகளும்தான். அங்கே ஒரே கவிதைத் தொகுப்பை ஒருவர் புகழ்வார், அடுத்தவர் கிழிப்பார். இரவு ஒன்பது மணிக்கு அறையைப் பூட்டவேண்டும் என்று பணியாளர் வந்து நிற்கும்வரை பேச்சு ஓயாது. பிறகு வாகனத் தரிப்பிடத்தில் தொடரும்.

இங்கே நான் சொல்லத் தயங்கக்கூடாத ஒன்று இருக்கிறது. எண்பதுகளின் கடைசியில், வெல்லெஸ்லி, பார்லிமென்ட் தெருப் பக்கத்து உயர்மாடிகளில் எங்கள் அகதி வாழ்வு தொடங்கிய காலத்தில், சில இளைஞர்கள் 'தேடகம்' என்றொரு அமைப்பை உருவாக்கினார்கள். தமிழர் வகைதுறை வள நிலையம் என்பது அதன் முழுப்பெயர். நூல்கள், சஞ்சிகைகள், நாடகம், அகதி உரிமை, தொழிலாளர் உரிமை, கூடவே எங்கள் போராட்டத்தைப் பற்றிய மாற்றுக் கருத்துகள். 1994இல் அதன் நூலகம் தீயிட்டு எரிக்கப்பட்டது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை ஆண்டு தவறாமல் நினைவுகூருகிறோம், கூரவேண்டும். ரொறன்ரோவில் எரிந்த அந்தத் தமிழ் நூலகத்துக்காக எங்கள் பெரிய மேடைகளில் விளக்கேற்றி நான் பார்த்ததில்லை.

விழா ஒரு சமூகத்துக்கு ஒரே முகத்தைத்தான் கேட்கும். ஒரு மேடை, ஒரு பதாகை, ஒரு தலைவர், ஐந்து நிமிடம். நகரசபை உறுப்பினர் கைகுலுக்க ஒரு கை வேண்டும். அந்தக் கை யாருடையது என்பதில் சமூகத்துக்குள் நடக்கும் சண்டை வெளியில் தெரியாது. தலித்தாகப் பிறந்தவர், தலைமையோடு முரண்பட்டவர், சாதி மாறியும் மதம் மாறியும் மணந்தவர், அடிக்கும் கணவனை விட்டு வந்தவர், தன்பால் ஈர்ப்புள்ளவர் ஆகியோருக்கெல்லாம் ஊர்ச்சங்க மண்டபத்தின் சாவி இலகுவில் கிடைப்பதில்லை. நூலக அறை கிடைக்கும். விண்ணப்பப் படிவம் அவர்களிடம் ஊரையும் சாதியையும் கேட்பதில்லை. சிறுபான்மைக்குள் சிறுபான்மையாக வாழ்பவருக்கு இந்த நகரம் தந்த பெரிய கொடை இதுதான் என்று நம்புகிறேன்.

அந்தத் திறந்த கதவுக்கு விலையும் உண்டு. 2019 அக்டோபரில், திருநர் உரிமைகளுக்கு எதிராகப் பேசிவந்த ஒருவரின் கூட்டத்துக்கு நூலகத்தின் பாமர்ஸ்டன் கிளை அறை வாடகைக்குப் போனது. வெளியே நூற்றுக்கணக்கானோர் திரண்டு எதிர்த்தார்கள். எழுத்தாளர்கள் கையொப்பம் திரட்டினார்கள். தலைமை நூலகர் விக்கரி போல்ஸ் அனுமதியைத் திரும்பப் பெறவில்லை. அந்த வாசலில் நின்று அழுத இளையோரின் காயத்தை நான் சிறிதாக்கமாட்டேன். ஆனால் எரிந்த நூலகமொன்றின் நினைவோடு வாழ்பவன் என்ற வகையில், பிடிக்காத பேச்சுக்கு அறையைப் பூட்டும் அதிகாரத்தை எவரிடமும் கொடுக்க எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தப் பயமும் அந்தக் காயமும் எனக்குள் ஒன்றையொன்று வெல்லவில்லை.

கூரையில்லாத பொது இடங்களுக்கும் இதே கேள்விகள் உண்டு. தோர்ன்கிளிஃப் பார்க் என்றொரு பகுதி. தென்னாசியர்களும் ஆப்கானியர்களும் நெருங்கி வாழும் உயர்மாடிகள். நடுவில் ஒரு பூங்கா, ஆர். வி. பர்ஜெஸ் பூங்கா. 2008இல் அப்பகுதிப் பெண்கள் சிலர், சபீனா அலியின் முன்முயற்சியில், ஒரு குழு அமைத்தார்கள். ஊஞ்சலைத் திருத்துங்கள், குப்பையை அள்ளுங்கள், பெஞ்சு போடுங்கள் என்பதில் தொடங்கியது வேலை. பிறகு கோடை வெள்ளிக்கிழமைகளில் சந்தை. வீட்டில் தைத்த உடுப்பு, மருதாணி, சமோசா. பலருக்கு அது சொந்தக் கையால் ஈட்டிய முதல் வருமானம். 2013இல் அந்தப் பூங்காவில் ஒரு தந்தூர் அடுப்பு எழுந்தது. வட அமெரிக்கப் பொதுப் பூங்கா ஒன்றில் அதுவே முதல் தந்தூர் என்று சொல்வார்கள். நகரத்தின் மேற்குப் பக்கம் டஃபரின் குரோவ் பூங்காவில் 1995இலேயே விறகடுப்பு கட்டி ரொட்டி சுட்டவர்கள் வழிகாட்டியிருந்தார்கள்.

ஒரு மண் அடுப்பு வைக்க எத்தனை படிவம் என்று நினைத்துப் பாருங்கள். சந்தைக்கு அனுமதி, உணவுக்கு அனுமதி, நெருப்புக்கு அனுமதி, காப்புறுதி. ஊர்ச்சங்கக் கோடைகால ஒன்றுகூடலுக்குப் பூங்கா அனுமதி எடுத்த எவருக்கும் இது தெரியும். அந்தப் பெண்கள் இதையெல்லாம் படித்தார்கள், நிரப்பினார்கள், கூட்டங்களுக்குப் போனார்கள். நான் கண்டு வியந்தது, அந்த அடுப்பில் சுட்ட நானைவிட அந்தப் படிவங்கள் அவர்களுக்குக் கொடுத்த அதிகாரத்தைத்தான். மாநகராட்சியின் எந்தக் கதவு எங்கே இருக்கிறது, எந்த அதிகாரி எதற்குப் பொறுப்பு என்பது ஒரு தெருவுக்கே தெரிந்துவிட்டது. 2002இல் ரொறன்ரோவில் தொடங்கிய 211 என்ற தொலைபேசி எண்ணில் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் இந்த விபரங்களைக் கேட்கலாம், நல்ல சேவை. ஆனால் எண்ணை அழுத்துவதற்கு முன் கேட்கத் துணிவு வேண்டும். அதைப் பக்கத்து வீட்டுப் பெண்தான் தருகிறாள்.

தோர்ன்கிளிஃபிலிருந்து அதிக தூரமில்லாத வின்ஃபோர்ட் டிரைவில் ஒரு கட்டிடம் இருக்கிறது. ரேமண்ட் மொரியாமா வரைந்தது. 1942இல் கனடா தன் யப்பானிய வழிக் குடிமக்களைச் சொத்துப் பறித்து முகாம்களுக்கு அனுப்பியபோது அவர் சிறுவன். உடலில் தீக்காயத் தழும்பு இருந்ததால் பொதுக் குளியலறையில் கேலி செய்தார்கள். ஆற்றில் போய்த் தனியாகக் குளித்தார். மரத்தின்மேல் தனக்கென ஒரு பரண் கட்டினார். அவரது முதல் கட்டிடம் அதுதான். போர் முடிந்தபின் கிழக்கே தள்ளப்பட்டு ரொறன்ரோவுக்கு வந்த சமூகம் தனக்கொரு பண்பாட்டு மையம் கட்ட நினைத்தபோது கையில் பணமில்லை. 75 குடும்பங்கள் தங்கள் வீடுகளை ஈடுவைத்தன. மொரியாமா வரைந்த அந்த மையம் 1964இல் திறக்கப்பட்டது. பிறகு அவர் ஸ்காபரோ நகர மையத்தையும் (1973) ரொறன்ரோ உசாத்துணை நூலகத்தையும் (1977) கட்டினார். முகாமில் அடைபட்ட சிறுவன் நகரத்துக்கு எல்லாரும் நுழையும் கட்டிடங்களைக் கொடுத்துவிட்டு 2023இல் மறைந்தார். யப்பானிய மையம் பெரிய இடத்துக்கு மாறிய பிறகு, 2000களின் தொடக்கத்தில் அந்தப் பழைய கட்டிடத்தை முஸ்லிம் சமூகத்தவர் ஒரு பண்பாட்டு மையமாக்கினார்கள்.

இப்போது எங்கள் முறை. வடகிழக்கு ஸ்காபரோவில், ஸ்டெயின்ஸ் சாலையில் தமிழ்ச் சமூக மையம் அமைக்க மத்திய அரசும் மாகாண அரசும் சேர்ந்து 2.63 கோடி டாலர் தருவதாக 2021இல் அறிவித்தன. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்துத் தமிழ் இருக்கைக்கு 30 லட்சம் டாலர் சேர்த்துக் காட்டிய சனம் இது. மீதிப் பணத்தையும் சேர்க்கும். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. எங்கள் முதியோருக்கு நடக்க வந்துபோக ஓரிடம், பிள்ளைகளுக்கு விளையாட்டுக்கூடம், அரங்கேற்றத்துக்கு நல்ல மேடை எல்லாம் வேண்டும்.

நான் எதிர்பார்ப்பது அதன் யாப்பை. பெரிய அரங்கின் வரைபடத்தைக் காட்டுகிறார்கள், அழகாக இருக்கிறது. முப்பது பேர் அமரும் சிறிய அறைகள் எத்தனை, மணிக்கு என்ன கட்டணம் என்பதையும் சொல்லவேண்டும். ஒதுக்கீட்டை மறுக்க யாருக்கு அதிகாரம், மறுத்தால் எங்கே முறையிடுவது என்பது எழுத்தில் இருக்கவேண்டும். நிர்வாகசபையில் பெண்களும் இளையோரும் எத்தனை பேர், எத்தனை ஆண்டுக்கொருமுறை மாறுவார்கள்? ஸ்காபரோவில் எங்களோடு வாழும் பிலிப்பினோக் குடும்பத்தின் பிள்ளைக்குப் பிறந்தநாள் வைக்க மண்டபம் கிடைக்குமா? வாசிகசாலையில் எல்லாப் பக்கத்து இதழ்களும் அடுக்கப்படுமா, தேடகம் வெளியிட்டவையும் சேர்த்து? அத்திவாரம் போடுமுன்பே, ஒரு பொதுக்கூட்டத்தில் இவற்றுக்குப் பதில் கேட்டு வாங்கவேண்டும். கூட்டத்தை மால்வேர்ன் நூலகத்தில் வைக்கலாம்.